சிசேரியனுக்குப் பிறகு: மரத்துப்போன கால் உணர்வு திரும்புவதிலிருந்து ஆறாவது மாதம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019-21) சொல்வது இது: தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 64ஐ நெருங்குகிறது. இவ்வளவு சகஜமாகிவிட்டதாலேயே அது ஒரு பெரிய ஆபரேஷன் என்பது வீட்டில் யாருக்கும் உறைப்பதில்லை. குடல்வால் எடுத்துக்கொண்டு வந்த சித்தப்பாவை ஒரு மாதம் தண்ணீர்ச் சொம்பு தூக்க விடாத அதே வீட்டில், அதைவிடப் பெரிய வெட்டு வாங்கிய மருமகள் பத்தாம் நாள் அடுப்படியில் நிற்பாள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் பால் வேறு கொடுத்திருப்பாள்.

சிசேரியன் ஆன பெண் ஒரே நேரத்தில் ஆபரேஷன் நோயாளி, பச்சை உடம்புக்காரி, பச்சிளம் குழந்தையின் தாய். வீட்டார் கண்ணுக்கு மூன்றாவது மட்டும்தான் தெரிகிறது. இந்த வழிகாட்டியை அவள் மட்டும் படித்துப் பயனில்லை. அவளோடு இருக்கப்போகிற அம்மா, மாமியார், கணவர் யாராவது சேர்ந்து படிக்க வேண்டும்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

வெளியே தெரிவது அடிவயிற்றில் குறுக்கே ஒரு சாண் அளவுக்குக் குறைவான ஒரு கோடு. அதற்குக் கீழே தோல், கொழுப்பு, தசையை மூடியிருக்கும் கெட்டியான உறை, வயிற்றின் உள்சவ்வு, கடைசியாகக் கர்ப்பப்பை என்று வரிசையாகத் திறந்திருக்கிறார்கள். வயிற்றுத் தசையைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, இரண்டு பக்கமும் விலக்குவார்கள். திரும்ப மூடும்போது அடுக்கடுக்காகத் தையல்.

மேல்தோல் ஒன்றிரண்டு வாரத்தில் ஒட்டிவிடும். வயிற்றுக்குப் பலம் கொடுக்கும் அந்த நடு உறை ஆறு வாரத்தில் பழைய பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டியிருக்கும். மீதி வர மாதக்கணக்காகும். "தையல் ஆறிடுச்சே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். கண்ணுக்குத் தெரிகிற தையல் ஆறியிருக்கிறது.

முதல் நாள்

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்திருப்பார்கள். கால் உணர்வு திரும்ப சில மணி நேரமாகும். அதற்குள் பல்லைக் கிட்டிக்கொண்டு நடுக்கம் வரலாம், உடம்பெல்லாம் அரிக்கலாம். இரண்டும் மருந்தின் வேலை, தானாக அடங்கும். அரிப்பு தாங்கவில்லையென்றால் நர்ஸிடம் சொன்னால் ஊசி உண்டு. மூத்திர டியூப்பை பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் தானாகச் சிறுநீர் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்.

"தலையணை வைக்காதே, தலையைத் தூக்கினால் ஆயுசுக்கும் தலைவலி" என்று பயமுறுத்துவது பழைய பழக்கம். மட்ட மல்லாக்கப் படுப்பதால் அந்தத் தலைவலி தடுக்கப்படுவதில்லை என்பது தெரிந்து வெகுகாலமாகிறது. சிலருக்கு ஊசி போட்ட துளை வழியாகத் தண்டுவட நீர் கசிந்து தலைவலி வரும். அடையாளம் சுலபம்: உட்கார்ந்தால் பிளக்கும், படுத்தால் விட்டுவிடும். அப்படி இருந்தால் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், சிகிச்சை இருக்கிறது. வருடக்கணக்கான முதுகுவலிக்கும் இந்த ஊசிமேல்தான் பழி விழுகிறது. கர்ப்பத்தில் தளர்ந்துபோன மூட்டுகளும், கூன் போட்டுக் குனிந்து பால் கொடுப்பதும்தான் அதற்குப் பெரும்பாலும் காரணம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, குழந்தைக்கு அடியில் ஒரு தலையணை. பாதி வலி அங்கேயே போகும்.

தையலைவிட அதிகம் படுத்துவது காற்று. ஆபரேஷனில் குடல் கொஞ்ச நேரம் வேலைநிறுத்தம் செய்துவிடும். வயிறு உப்பி, வலி தோள்பட்டை வரைக்கும்கூட ஏறும். நெஞ்சுவலியோ என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. (மூச்சு வாங்கினாலோ நெஞ்சை அடைத்தாலோ அது வேறு கதை, உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.) டாக்டர் சொன்ன நேரத்தில் தண்ணீர், கஞ்சி என்று ஆரம்பிப்பதும் எழுந்து நடப்பதும்தான் காற்றுக்கு மருந்து. சூயிங்கம் மெல்லுவதும் குடலைச் சீக்கிரம் எழுப்புகிறது. விளையாட்டில்லை, ஆராய்ந்து பார்த்ததுதான்.

எழுந்து நிற்பது

பெரும்பாலான இடங்களில் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் எழுப்பிவிடுவார்கள். "இப்பவேவா?" என்று அம்மா பதறுவார். எழுந்தே ஆக வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு இரத்தம் உறையும் தன்மை அதிகம். அசையாமல் கிடந்தால் கெண்டைக்கால் இரத்தக் குழாயில் இரத்தக் கட்டி உண்டாகி அது நுரையீரலுக்குப் போகிற ஆபத்து இருக்கிறது. படுத்திருக்கும்போதே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

எழும் முறை இப்படி. மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழ முயலக் கூடாது. அப்படி எழும்போதுதான் வயிறு கிழிவதுபோல இருக்கும். முதலில் இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் சேர்ந்து உருளும்படி ஒருக்களித்துத் திரும்புங்கள். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். அடியில் இருக்கும் முழங்கையையும் மேல்கையின் உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றி, கையின் பலத்தில் எழுந்து உட்காருங்கள். உட்கார்ந்ததும் உடனே நிற்க வேண்டாம். இரண்டு நிமிடம் காலை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகு, ஒருவரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நின்றதும் குபுக்கென்று உதிரம் இறங்கும். படுத்திருந்தபோது தேங்கியிருந்தது அது, பயம் வேண்டாம். கூனாமல் நிமிர்ந்து நில்லுங்கள், தையல் பிரியாது.

இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் ஒரு சின்னத் தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தத் தலையணை முதல் இரண்டு வாரத்துக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவிலும் அதுதான் துணை. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.

சீம்பால்

சிசேரியனில் பால் ஊறாது என்பது பொய். பால் இறங்குவதில் ஓரிரு நாள் தாமதம் ஆகலாம், மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வந்துவிடும். அதுவரை சுரக்கும் சில துளி சீம்பால் குழந்தைக்குப் போதும். அதன் வயிறே அவ்வளவு சின்னது. இந்த இடைவெளியில்தான் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், பவுடர் பால் என்று ஆளாளுக்கு ஒன்றைக் கொண்டுவருவார்கள். டாக்டர் எழுதித் தந்தால் தவிர எதுவும் வேண்டாம். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

தையல்மேல் குழந்தையின் எடை விழாமல் கொடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒருக்களித்துப் படுத்து வயிற்றோடு வயிறாக அணைத்துக் கொடுப்பது. இன்னொன்று, குழந்தையின் உடம்பைப் பக்கவாட்டில் கக்கத்துக்கு அடியில் இடுக்கி, கால்கள் உங்கள் முதுகுப்பக்கம் நீட்டியிருக்க, தலையை உள்ளங்கையில் ஏந்திக் கொடுப்பது. பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்தால் கர்ப்பப்பை சுருங்குகிறது என்று பொருள், நல்லதுதான். குழந்தை இன்குபேட்டரில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சி அனுப்புங்கள், இரவிலும்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில்

அரசு மருத்துவமனையில் சிசேரியன், மருந்து, இரத்தம், சாப்பாடு எல்லாமே இலவசம். வீட்டுக்குக் கொண்டுவிடும் வண்டியும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பையில் திணிக்கும் முன் டாக்டர் அல்லது நர்ஸை வைத்துக்கொண்டு ஒருமுறை வாசியுங்கள். எல்.எஸ்.சி.எஸ் என்றிருந்தால் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள், வழக்கமான முறை. அதற்குப் பக்கத்தில் காரணம் இருக்கும்: எஃப்.டி என்றால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வந்திருக்கிறது, சி.பி.டி என்றால் தலைக்கும் இடுப்பு எலும்புக்கும் பொருந்தவில்லை, ப்ரீச் என்றால் குழந்தையின் தலைக்குப் பதிலாகப் பிட்டமோ காலோ கீழே இருந்திருக்கிறது. எவ்வளவு இரத்தம் போனது, ஹீமோகுளோபின் எவ்வளவு, தையல் பிரிக்க வேண்டியதா தானாகக் கரைவதா, ஆபரேஷனின்போதே கருத்தடைக்கான காப்பர் டி வைத்தார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. இரண்டு வருடம் கழித்து ஸ்கேனில்தான் தெரிகிறது. இந்தத் தாளை போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வையுங்கள்.

வீட்டில் ஏற்பாடு பெரிதாக ஒன்றும் வேண்டாம். தரையில் பாய் வேண்டாம், கட்டில் வேண்டும். தரையிலிருந்து எழுவது பெரும்பாடு. கட்டில் பக்கத்திலேயே தண்ணீர், பேட், துணி, மாத்திரை. கக்கூஸ் இந்தியன் டைப் என்றால் சுவரில் பிடித்துக்கொள்ள ஏதாவது, இல்லாவிட்டால் மருந்துக்கடைகளில் கிடைக்கும் கமோடு நாற்காலி. ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. குடம், ஈரத்துணி வாளி, கிரைண்டர் குழவி, மூத்த பிள்ளை எல்லாம் இதில் சேர்த்தி. மூத்த பிள்ளை தூக்கச் சொல்லி அழுதால், நீங்கள் உட்கார்ந்துகொண்டு அதை மடிக்குப் பக்கத்தில் ஏறி உட்காரச் சொல்லுங்கள்.

தையல்

கட்டை எடுத்த பிறகு டாக்டர் சரி என்றதும் தினமும் குளிக்கலாம். சோப்பு நுரை தையல்மேல் ஓடினால் தப்பில்லை, தேய்க்க மட்டும் கூடாது. குளித்ததும் சுத்தமான பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். மஞ்சள், விபூதி, தேங்காயெண்ணெய், பவுடர் எதுவும் தையல்மேல் வேண்டாம். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மருந்து இருந்தால் அது மட்டும்.

நம் ஊர் வெயிலில் உண்மையான எதிரி வியர்வை. அடிவயிறு கொஞ்சம் தொங்கி மடிப்பாக இருப்பவர்களுக்குத் தையல் அந்த மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். அங்கே காற்றுப் படாது, ஈரம் காயாது, சீழ் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். தினம் இரண்டு மூன்று முறை படுத்துக்கொண்டு மடிப்பை மேலே தூக்கிப் பிடித்து, ஃபேன் காற்றில் பத்து நிமிடம் காயவிடுங்கள். பிறகு இஸ்திரி போட்ட மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மடிப்புக்குள் வைத்து, ஈரமானதும் மாற்றுங்கள். உள்ளாடை தொப்புளுக்கு மேல் ஏறும்படி இருக்கட்டும். எலாஸ்டிக் தையல்மேல் உட்கார்ந்தால் உரசிக்கொண்டே இருக்கும். உங்களுக்குக் குனிந்து பார்க்க எட்டாது, வேறு யாராவது தினம் ஒருமுறை பார்க்க வேண்டும். போனில் படம் எடுத்து நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால் சிவப்பு பரவுகிறதா என்பது தெளிவாகத் தெரியும்.

பிள்ளை பெற்றவளுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை இடுப்பிலும் வயிற்றிலும் அடித்து ஊற்றும் வழக்கத்தைச் சிசேரியனில் விட்டுவிட வேண்டும். தையலைச் சுற்றித் தோல் மரத்திருக்கும், சூடு தெரியாது, வெந்துபோகும். முதுகுக்கும் காலுக்கும் பொறுக்கும் சூட்டில் ஊற்றினால் சுகம்தான், அதைக் கெடுப்பானேன். மரத்த உணர்வு மாதக்கணக்கில் இருக்கலாம். நடுநடுவே சுருக்கென்று குத்தும், அரிக்கும். நரம்பு திரும்ப வளர்கிறது.

வயிறு கட்டுவது பற்றி. சேலைத் துணியோ, கடையில் விற்கும் பெல்ட்டோ, நடக்கும்போது பிடிமானம் கொடுக்கும், வலியைக் குறைக்கும். தொப்பையைக் குறைக்காது. மூச்சு முட்ட இறுக்காமல், தூங்கும்போது கழற்றிவிட்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள்.

பத்தியம்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

பத்தியத்தை மூடநம்பிக்கை என்று ஒரேயடியாக ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. பிள்ளை பெற்றவளுக்கென்று தனியாக ஒருவர் சமைத்து, சூடாகக் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவைக்கிற ஏற்பாடு அது. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரைப் பொரியல், அங்காயப் பொடி போட்ட நெய்ச்சோறு, மிளகு ரசம், நாட்டுக்கோழிச் சாறு எல்லாம் நன்றாகவே ஒத்துக்கொள்ளும். புரதமும் இரும்பும் வேண்டிய உடம்புக்கு மீனும் கோழியும் முட்டையும் கீரையும் சரியான சாப்பாடு.

சிக்கல் "கூடாது" பட்டியலில் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும், பருப்பு சாப்பிட்டால் தையலில் சீழ் வைக்கும், பழம் சாப்பிட்டால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பார்கள். மூன்றும் தவறு, மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்: மலச்சிக்கல். தண்ணீரில்லை, பழமில்லை, காயில்லை, கூடவே இரும்புச்சத்து மாத்திரை. நாலாம் நாள் அவள் கக்கூஸில் உட்கார்ந்து, முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் அழுதுகொண்டிருப்பாள். தையல் வலியைவிட இந்த வலியைத்தான் பல பெண்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தாலே ஒரு நாளைக்கு இரண்டரை மூன்று லிட்டர் தேறிவிடும். கொய்யா, பப்பாளி, வாழை, வேகவைத்த பீன்ஸ், அவரை, பாசிப்பருப்பு எல்லாம் முதல் வாரத்திலிருந்தே சாப்பிடலாம். மாமியார் ஒப்புக்கொள்ளவில்லையென்றால் மல்லுக்கு நிற்க வேண்டாம். டிஸ்சார்ஜ் அன்று டாக்டரையே அவர் முன்னால் "தண்ணி, பழம், பருப்பு எல்லாம் கொடுக்கணும்மா" என்று சொல்ல வையுங்கள். அதற்குமேல் பேச்சிருக்காது. மலம் இளக மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் குடியுங்கள்.

பிரசவ லேகியம் நெல்லிக்காயளவு சாப்பிடுகிறவர்கள் அதில் வெல்லமும் நெய்யும் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்கு அது வேண்டாம். அவர்கள் 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மாத்திரையும் உதிரமும்

வலி மாத்திரையை வலி வந்த பிறகு போடுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஒரு வாரம் எழுதிய நேரத்துக்கு எழுதிய அளவு போட்டால்தான் நடக்க முடியும், பால் கொடுக்க முடியும். வழக்கமாகத் தரும் பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் தாய்ப்பாலுக்கு ஆகாதவை அல்ல. வீட்டில் கிடக்கும் வேறு வலி மாத்திரையை யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் ஆறு மாதத்துக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது, கால்சியம் இரும்பைத் தடுக்கும்.

உதிரப்போக்கு சிசேரியனிலும் உண்டு. முதலில் நல்ல சிவப்பு, பிறகு பழுப்பு, கடைசியில் வெளிர் மஞ்சள் என்று நாலிலிருந்து ஆறு வாரம் போகும். குறைந்த உதிரம் திடீரென்று மறுபடி சிவந்தால், அன்றைக்கு வேலை அதிகம் செய்திருக்கிறீர்கள், படுங்கள்.

காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்

இந்தப் பகுதியை பிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

- 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம்
- தையல் சிவந்து சூடாகிறது, விரிகிறது, சீழ் அல்லது நாற்றம், உதிரத்தில் துர்நாற்றம்
- ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதும் நனைகிறது, அல்லது எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி கட்டியாகப் போகிறது
- ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிக்கிறது
- திடீரென்று மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது
- மண்டையைப் பிளக்கும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, வலிப்பு

கடைசி வரிக்குக் காரணம் இரத்தக் கொதிப்பு. கர்ப்பத்தில் பிரஷர் இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை வரலாம். "தூக்கமில்லாத தலைவலி" என்று காபித் தண்ணியோடு விட்டுவிட வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 104.

மனசு

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பால் கட்டி மார்பு கனக்கிற அதே நேரத்தில், காரணமே இல்லாமல் அழுகை வரும். யாரோ ஜன்னலைச் சாத்தினால்கூட அழுகை வரும். பிரசவத்தோடு ஹார்மோன் சட்டென்று சரிவதாலும் தூக்கமின்மையாலும் வருவது இது. பெரும்பாலானோருக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் அடங்கும். அழ விடுங்கள். "அழுதா பால் வத்திடும்" என்று மிரட்டாதீர்கள்.

சிசேரியன் ஆனவர்களுக்கு இதற்குமேல் ஒரு சுமை உண்டு, அதைச் சுமத்துவது வாய்கள். "வலியே தெரியாம பெத்துட்டா." "நாங்கல்லாம் வயக்காட்டு வரப்புலயே பெத்தோம்." "கொஞ்சம் பொறுத்திருந்தா சுகப்பிரசவம் ஆகியிருக்கும், உனக்குத்தான் பொறுமை இல்ல." பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு இதையும் கொண்டுவருவார்கள். பதினாலு மணி நேரம் இடுப்பு வலி தின்றுவிட்டு, குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கி, ஸ்ட்ரெச்சரில் ஓட ஓடக் கொண்டுபோகப்பட்டவளிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பதில் சொல்லும் வேலை அவளுடையதல்ல. கணவரோ அம்மாவோ "அது பெரிய ஆபரேஷன், அவ தூங்கணும்" என்று சொல்லி வந்தவரைக் கூடத்துக்கு அழைத்துப்போக வேண்டும். முதல் இரண்டு வாரம் பார்க்க வருகிறவர்களைக் குறைத்துவிட்டால் குற்றமில்லை. கோபித்துக்கொள்கிறவர் தொட்டில் போடும் அன்றைக்குச் சமாதானமாகிவிடுவார்.

அவசரமாக ஆபரேஷன் ஆனவர்களுக்கு அந்த அறையின் விளக்கும் சத்தமும் திரும்பத் திரும்பக் கண்முன் வரலாம், கனவில் வரலாம். என்ன நடந்தது என்பது முழுதாகத் தெரியாததே இதற்குப் பாதிக் காரணம். மறுபரிசோதனைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டி, "ஏன் ஆபரேஷன் பண்ண வேண்டி வந்துச்சு, நான் வேற ஏதாவது செஞ்சிருக்கலாமா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தொடக்கத்தில் இருந்து முடிவுவரைக்கும் ஒருவர் உட்கார்ந்து சொன்னால், "என்னாலதான்" என்ற எண்ணம் பெரும்பாலும் தளரும். சுகப்பிரசவம் ஆகவில்லையே என்று வருத்தப்படுவதும், குழந்தை நன்றாக இருப்பதற்குச் சந்தோஷப்படுவதும் ஒரே மனசில் ஒன்றாக இருக்கலாம். "குழந்தைதான் நல்லா இருக்கே, அப்புறம் என்ன" என்று முதலாவதை மூடிவிடாதீர்கள். குழந்தையைப் பார்த்ததும் பாசம் பொங்கவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வலி மருந்து மயக்கத்தில், நடுங்கும் கையோடு முதன்முதல் பார்த்த முகம் அது. தோலோடு தோலாகக் கிடத்திக்கொண்டே இருங்கள், மெதுவாக வரும்.

இரண்டு வாரம் தாண்டியும் மனம் இருண்டே இருந்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், "நான் இல்லாட்டி இதுக்கு நல்லது" என்று தோன்றினால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பெண் குழந்தை என்று முகம் சுளித்த வீட்டில், கணவர் வெளியூரிலேயே இருந்துவிட்ட வீட்டில், பணக் கஷ்டத்தில் அதிகம் வருகிறது. மருத்துவமனைகளில் எடின்பரோ வினாத்தாள் என்று பத்துக் கேள்விகள் வைத்திருக்கிறார்கள். தமிழிலும் உண்டு, பத்து நிமிட வேலை, கேட்டு வாங்கி நிரப்புங்கள். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைக் காட்டும் என்பதால் இரண்டு இரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசுவார்கள், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.

"குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ" என்ற பயங்கரமான எண்ணம் மின்னி மறைவதும், அதைக் கண்டு நீங்களே நடுங்குவதும் நிறையத் தாய்மாருக்கு உண்டு. அந்த நடுக்கமே நீங்கள் அப்படிச் செய்ய விரும்பவில்லை என்பதைக் காட்டுகிறது. டாக்டரிடம் தயங்காமல் சொல்லலாம். ஆனால் இல்லாத குரல் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமலேயே சுறுசுறுப்பாக இருப்பது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது, ஆளே மாறிப்போனது போன்ற குழப்பம், இவை வந்தால் அது அவசரம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வரும். ஊரில் இதைப் பிரசவ ஜன்னி என்பார்கள், காத்துக் கருப்பு என்று மந்திரிக்க இழுத்துப்போவார்கள். அன்றைக்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அதுவரை தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. சிகிச்சையில் நன்றாகக் குணமாகிற நோய் இது.

இதையெல்லாம் தடுக்க ஒரே ஒரு காரியம் சொல்லச் சொன்னால் தூக்கம் என்பேன். இரவில் ஒரு முறை பால் கொடுத்ததும் குழந்தையை வேறொருவர் வாங்கி, ஏப்பம் விடவைத்து, துணி மாற்றி, தூங்கவைத்து, அடுத்த பாலுக்குத்தான் எழுப்ப வேண்டும். தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கியவள் மறுநாள் வேறு ஆளாக இருப்பாள். அம்மா வீட்டில் இருக்கும்போது கணவர் சனி ஞாயிறு விருந்தாளியாக வந்துபோனால் போதாது. வந்த இரண்டு ராத்திரியும் இந்த வேலை அவருடையது.

ஆறு வாரமும் அதற்குப் பிறகும்

ஆறாம் வாரப் பரிசோதனையைக் குழந்தையின் தடுப்பூசியோடு சேர்த்து முடித்துக்கொள்ளலாம். அதுவரை நடைதான் உடற்பயிற்சி: வீட்டுக்குள், பிறகு மாடியில், பிறகு தெருமுனை வரை. சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கி விடும் பயிற்சியை டியூப் எடுத்த பிறகே படுத்தபடி ஆரம்பிக்கலாம். இருமினால் சிறுநீர் கசிவது சிசேரியன் ஆனவர்களுக்கும் உண்டு. மல்லாந்து எழும் வயிற்றுப் பயிற்சிகளை டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ சொல்லும்வரை தொட வேண்டாம். தழும்பு முழுதாக ஆறிய பிறகு விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்துவிட்டால் இறுக்கம் தளரும். ஸ்கூட்டி ஓட்டுவதும் ஏறக்குறைய ஆறு வாரம் கழித்துத்தான்.

தாம்பத்தியத்துக்கு உதிரம் நின்று, தையல் ஆறி, அவளுக்கு மனம் வந்திருக்க வேண்டும். மூன்றாவதற்கு நாள்கணக்கு கிடையாது. பால் கொடுக்கும் காலத்தில் உலர்ந்திருப்பது இயல்பு. மாதவிலக்கு வரும் முன்னாலேயே கரு தங்கலாம் என்பதால் கருத்தடையை ஆறாம் வாரத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு, 2017 சட்டத் திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. தமிழக அரசு ஊழியர்களுக்கு ஒரு வருடம். "நார்மலா இருந்தா மூணு மாசத்துல வந்திருப்பாங்க" என்று அலுவலகத்தில் யார் சொன்னாலும் இருக்கிற விடுப்பை முழுதாக எடுங்கள்.

அடுத்த குழந்தைக்குக் குறைந்தது ஒன்றரை வருட இடைவெளி விட்டுக் கருத்தரிப்பது கர்ப்பப்பைத் தழும்புக்கு நல்லது, இரண்டு வருடம் என்றால் இன்னும் நல்லது. முதலாவது சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தான் என்று விதியில்லை. கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு, முதல் முறை வந்த காரணம் இந்த முறை இல்லை, அவசரத்துக்கு உடனே ஆபரேஷன் செய்யும் வசதியுள்ள மருத்துவமனை, இவை மூன்றும் அமைந்தால் முயன்று பார்க்கிறவர்களில் பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. தழும்பு பிரியும் ஆபத்து சுமார் இருநூறில் ஒருவருக்கு. இதை எட்டாம் மாதத்தில் பேசாமல் முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் பேசுங்கள். நாள் தள்ளிப்போனதும் எடுக்கும் முதல் ஸ்கேனில் கரு பழைய தழும்பில் ஒட்டவில்லை என்று பார்க்க வேண்டும், பிறகு நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்றும். இரண்டுக்கும் அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள்.